ஆபத்து வேளையில் பிள்ளை எங்கே, யாருடன்?

காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தோட்டத்துக்கோ கூலி வேலைக்கோ செல்லும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்று பத்து மணிக்கு ஏதேனும் ஆபத்து நேர்ந்தால் பாடசாலை என் பிள்ளையை எங்கே வைத்திருக்கும்? அந்தச் செய்தியை எனக்கு யார் கொண்டுவருவார்? என்னால் போக முடியாவிட்டால் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள்?

இந்த மூன்றுக்கும் தயங்காமல் விடை சொல்லக்கூடிய வீடுகள் எமது கிராமங்களில் அதிகம் இருக்கும் என்று நாம் நம்பவில்லை. அதற்குப் பெற்றோரை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. அனர்த்த ஆயத்தம் என்றாலே அது அரசாங்கத்தின் வேலை, அதிபரின் அலுமாரியில் இருக்க வேண்டிய ஒரு கோப்பு என்று நாம் பழகிவிட்டோம். எமது கருத்து வேறு. ஆயத்தம் என்பது பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையில், அமைதியான ஒரு நாளில், முன்கூட்டியே செய்துகொள்ளப்படும் உடன்பாடு. அந்த உடன்பாடு இல்லாத இடத்தில் எத்தனை கோப்புகள் இருந்தாலும் பயனில்லை. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

நாம் கடந்து வந்த பாதை

யாழ். குடாநாட்டு மக்களுக்கு ஆபத்தைப் பற்றி எவரும் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. போர்க் காலத்தில் பாடசாலை வளவுகளில் பதுங்குகுழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூடை போட்டு மூடினோம். விமானச் சத்தம் கேட்டதும் நிலத்தில் குப்புறப் படுக்கச் சிறு பிள்ளைகளும் பழகியிருந்தார்கள்.

1995 செப்டெம்பர் 22 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயப் பகுதியில் விமானக் குண்டுகள் விழுந்தன. பாடசாலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். காயமடைந்தவர்கள் மந்திகை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் அந்தப் பாடசாலை அப்பிள்ளைகளை நினைவுகூருகின்றது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படிக்கும் பிள்ளைகள் மீது குண்டு விழுந்ததற்குப் பாடசாலையின் ஆயத்தக் குறைவு காரணம் அன்று. எத்தனை பதுங்குகுழி வெட்டினாலும் அந்தக் குற்றத்தின் பொறுப்பு குண்டு போட்டவர்களிடமிருந்து நீங்கிவிடாது. நீதியைக் கேட்பது ஒரு வேலை; பிள்ளையைக் காப்பது இன்னொரு வேலை. முதலாவதைக் கைவிடாமலே இரண்டாவதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. கொட்டும் மழையில், இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியையும் வடமராட்சியையும் நோக்கிச் சென்ற அந்த இரவில், கூட்ட நெரிசலில் கையை விட்ட பிள்ளைகளைத் தேடிய பெற்றோர் எத்தனையோ பேர். அப்போது குடாநாட்டில் தொலைபேசி இருக்கவில்லை. யார் எங்கே என்பதை அறியக் கோவில்களிலும் பாடசாலைகளிலும் ஆள் மாறி ஆள் விசாரிப்பதே வழி. போரினால் பிரிந்த குடும்பங்களுக்கிடையே சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கடிதங்களைக் கொண்டுசென்று கொடுத்தது. செய்தி ஒன்று வந்து சேர்வது உணவுக்கும் மருந்துக்கும் நிகரான தேவை என்பதை அனுபவத்தில் கற்றவர்கள் நாம்.

போர் 2009 இல் முடிந்தது. ஆனால் ஆபத்து முடியவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்குக் கரையையும் அடித்துச் சென்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பாடசாலைகள் பூட்டியிருந்தன. அது ஒரு வேலை நாளாக இருந்திருந்தால் கரையோரப் பாடசாலைகளின் நிலை என்ன என்பதை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்கும். 2008 நவம்பரில் நிஷா சூறாவளியும், 2020 டிசெம்பரில் புரெவிச் சூறாவளியும் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600 க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையும் இடையில் நிறுத்தப்பட்டது.

இந்த மூன்று சூறாவளிகளும் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் வந்தவை என்பதைக் கவனியுங்கள். அது பாடசாலையின் மூன்றாம் தவணையை ஒட்டிய காலம். காலபோக நெல்லுக்கும் மழைக்காலப் பயிருக்கும் தாய் தகப்பன் இருவருமே வெளியில் நிற்கும் காலமும் அதுதான்.

முகவரி மாறிவிட்டது, பதிவேடு மாறவில்லை

ஊரோடு ஊராக வாழ்ந்த காலத்தில் பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையில் பதிவேடு அவ்வளவு தேவைப்படவில்லை. ஆசிரியர் அதே ஊரவர். "இவன் இன்னாருடைய பேரன், அந்த ஒழுங்கையில் மூன்றாவது வீடு" என்று அவருக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வகுப்பில் படிக்கும் மச்சாளிடம் சொல்லிவிட்டால் போதும். செய்தி வீட்டுக்குப் போய்விடும்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு இந்த வசதி அறுந்துபோனது. பலர் மல்லாகம், சுன்னாகம் பகுதிகளிலிருந்த நலன்புரி நிலையங்களிலும், உறவினர் வளவுகளிலும், வாடகைக் காணிகளிலும் பல பத்தாண்டுகள் வாழ நேர்ந்தது. பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தனது சொந்த இடத்துக்குத் திரும்பியது 2016 இல்தான். காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்படும்போது குடும்பங்கள் மீண்டும் அசைகின்றன. ஒரு வீட்டிலேயே தகப்பன் விடுவிக்கப்பட்ட காணியைத் துப்புரவாக்கக் கொட்டில் போட்டுத் தங்கியிருப்பார். தாயும் பிள்ளைகளும் பழைய இடத்தில் இருப்பார்கள். மூத்த பிள்ளை படிப்புக்காக அம்மம்மா வீட்டில் நிற்கும்.

இத்தகைய குடும்பத்தின் விபரம் பாடசாலைப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? முதலாம் தரத்தில் சேர்த்தபோது கொடுத்த முகவரி இருக்கும். சிலர் சொந்த ஊர் முகவரியைக் கொடுத்திருப்பார்கள். ஊர் உரிமை விட்டுப்போகக் கூடாது என்ற எண்ணம் அதில் உண்டு. அது நியாயமான எண்ணமே. ஆனால் ஆபத்து வேளையில் ஆசிரியருக்குத் தேவை, உங்கள் உரிமையைக் காட்டும் முகவரி அன்று. இன்று காலை நீங்கள் நிற்கும் இடம். தொலைபேசி இலக்கமும் அப்படியே. முற்கொடுப்பனவு சிம் அட்டைகள் அடிக்கடி மாறுகின்றன. மூன்று வருடங்களுக்கு முன் எழுதிய இலக்கம் இன்று வேறு யாருடைய கையிலோ ஒலிக்கக்கூடும்.

எனவே இரண்டு முகவரிகளையும் கொடுங்கள். சொந்த ஊர் முகவரி பதிவேட்டில் இருக்கட்டும். அதன் கீழே, இப்போது இருக்கும் இடத்தையும் வேலை செய்யும் தோட்டத்தையும் அருகிலுள்ள கடை, கோவில், சனசமூக நிலையம் போன்ற ஓர் அடையாளத்தையும் எழுதுவியுங்கள். ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும் அது சரிபார்க்கப்பட வேண்டும். இது ஆசிரியர் கேட்டுத்தான் செய்ய வேண்டிய காரியம் அன்று. இடம் மாறிய அந்த வாரமே பெற்றோர் தாமாகச் சென்று சொல்ல வேண்டும்.

கைத்தொலைபேசி ஒன்றே போதுமா?

இப்போது பல வகுப்புகளுக்கு வட்ஸ்அப் குழு உண்டு. அதிபர் ஒரு செய்தி போட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சாதாரண நாளில் அது நல்ல வசதி. ஆபத்து நாளில் அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பின், வதந்தி பரவாதிருக்க என்று அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் தற்காலிகமாக முடக்கியது. செய்தி அறிய மக்கள் துடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்த வழி மூடப்பட்டிருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தபோது, வசதியான தொலைபேசி இல்லாத வீடுகள் எவையென்று தெரியவந்தது. டித்வா சூறாவளியில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல மாவட்டங்களில் அறுந்தன.

வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கும் தாயின் கைத்தொலைபேசி பெரும்பாலும் வரம்பில் கழற்றி வைத்த பையில் இருக்கும். அல்லது வீட்டில் மின்னேற்றத்தில் இருக்கும். அல்லது வீட்டிலுள்ள ஒரேயொரு தொலைபேசி தகப்பனுடன் போயிருக்கும். ஆகவே செய்தி செல்வதற்கு ஒன்றுக்கு மூன்று வழிகள் வேண்டும்.

முதலாவது, தொலைபேசி. குழுச் செய்தியோடு நின்றுவிடாமல், சாதாரண அழைப்பாகவும் செல்ல வேண்டும். இரண்டாவது, ஆள். ஒழுங்கைக்கு ஒருவர், தோட்ட வெளிக்கு ஒருவர் என்று முன்கூட்டியே பொறுப்புக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சைக்கிள் உள்ள ஒருவர் இருபது வீடுகளுக்கு அரை மணிக்குள் செய்தி சொல்லிவிடுவார். மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடம். பாடசாலை வாசலில் ஒரு கரும்பலகை, கோவில் அல்லது தேவாலய ஒலிபெருக்கி, சனசமூக நிலையம். "தரம் 1 முதல் 5 வரையுள்ள பிள்ளைகள் அனைவரும் அம்மன் கோவில் மண்டபத்தில் இருக்கிறார்கள். நேரம் 11.20. வகுப்பாசிரியர்கள் உடன் இருக்கிறார்கள்" என்று வெண்கட்டியால் எழுதப்பட்ட இரண்டு வரி, பதறி ஓடிவரும் ஒரு தாயை வீதியில் அலைய விடாமல் காக்கும்.

செய்தியின் உள்ளடக்கமும் முக்கியம். என்ன நடந்தது, பிள்ளைகள் இப்போது எங்கே, பெற்றோர் என்ன செய்ய வேண்டும், அடுத்த செய்தி எத்தனை மணிக்கு வரும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். முழு விபரமும் கிடைக்கட்டும் என்று பாடசாலை மௌனமாக இருந்தால் அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பிவிடும். "இன்னும் தெரியாது, அரை மணியில் மீண்டும் சொல்கிறோம்" என்பதும் ஒரு செய்தியே. ஆனால் காயப்பட்ட பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லக் கூடாது. அதைப் பெற்றவர்களிடம் ஒருவர் நேரில் சென்று சொல்ல வேண்டும்.

யப்பானில் இரண்டு பாடசாலைகள்

2011 மார்ச் 11 ஆம் திகதி யப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. கமைஷி என்ற நகரில் அன்று ஏறக்குறைய மூவாயிரம் மாணவர்கள் உயிர் தப்பினார்கள். கரைக்கு அருகிலிருந்த ஓர் இடைநிலைப் பாடசாலைப் பிள்ளைகள் கட்டளைக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்து ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்களையும் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் குறித்து வைத்திருந்த இடம் பாதுகாப்பில்லை என்று கண்டதும் இன்னும் மேலே சென்றார்கள். பல ஆண்டுகளாக அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பயிற்சியில் பெற்றோருக்கும் பங்கு இருந்தது. என் பிள்ளை தானே ஓடித் தப்பும் என்று தாய் நம்ப வேண்டும். என் தாய் என்னைத் தேடி இங்கே வரமாட்டார், அவரும் தப்புவார் என்று பிள்ளை நம்ப வேண்டும். இந்த நம்பிக்கையை அவர்கள் வீடுகளில் பேசி வைத்திருந்தார்கள்.

இஷினோமாக்கி நகரின் ஒகாவா ஆரம்பப் பாடசாலையில் நடந்தது வேறு. அங்கே பிள்ளைகள் ஏறத்தாழ 50 நிமிடங்கள் மைதானத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். பாடசாலைக்குப் பின்புறம் ஒரு குன்று இருந்தது. எங்கே போவது என்று முடிவாகவில்லை. 108 பிள்ளைகளில் 74 பேரும், ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 10 பேரும் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். அந்தப் பாடசாலையிலும் அனர்த்தக் கையேடு இருந்தது. தப்பிச் செல்ல வேண்டிய இடம் அயலிலுள்ள வெற்றுக் காணி, பூங்கா என்று பொதுவாக எழுதப்பட்டிருந்தது. குறித்த இடமும் வழியும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2018 இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 இல் அத்தீர்ப்பு உறுதியானது.

ஒகாவாவில் பெற்றோர் வந்து கூட்டிச் சென்ற பிள்ளைகள் பலர் தப்பினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அப்படியானால் பெற்றோர் ஓடிப்போய்ப் பிள்ளையைக் கூட்டிவருவது சரியா, பிழையா? எந்த ஆபத்து, எந்தப் பாடசாலை, எந்த வழி என்பதைப் பொறுத்தது அது. அதனால்தான் அன்றைய பதற்றத்தில் தீர்மானிக்காமல் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும் என்கிறோம்.

ஆபத்துக்கு ஏற்ற வழி

எமது குடாநாட்டில் குன்றுகள் இல்லை. ஆகவே கரையோரப் பாடசாலை, நிலம் அதிர்ந்தாலோ கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ எந்த வீதியால் உள்நாட்டுப் பக்கம் செல்வது, எந்த மாடிக் கட்டடத்தில் ஏறுவது என்று குறித்து வைக்க வேண்டும். அப்போது பெற்றோர் கடற்கரைப் பக்கம் வரக் கூடாது. பிள்ளைகள் போய்ச் சேரும் இடத்துக்கே செல்ல வேண்டும். சூறாவளியும் வெள்ளமும் வருமானால் காரியம் வேறு. எச்சரிக்கை முன்னரே கிடைக்கும். வீதியில் தண்ணீர் ஏறுமுன் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று அறியாமல் சிறு பிள்ளையை அனுப்பக் கூடாது. வீடு தாழ்நிலத்திலிருந்தால் அந்தப் பிள்ளை பாடசாலையிலேயே இருப்பது மேல்.

தீ என்றால் உடனே வெளியே, திறந்த வெளிக்கு. 2004 ஜூலை 16 ஆம் திகதி தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் சமையற் கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் மாண்டார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் கிடுகுக் கொட்டகைகளில் வகுப்பு நடத்திய எமக்கு அதன் பொருள் விளங்கும். தற்காலிகக் கொட்டகை இன்றும் உள்ள இடங்களில் அடுப்பு எங்கே, வெளியேறும் வழி எத்தனை என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

விடுவிக்கப்பட்ட காணிகளில் வெடிபொருள் காணப்பட்டால், தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மறக்க விடக் கூடாது. பாடசாலை விட்டு வரும் குறுக்குப் பாதைகளையும் பெற்றோர் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது.

சொல்லப்படும் தடைகள்

"ஆசிரியர்களுக்கு இருக்கும் வேலை போதாதா?" என்பர். உண்மைதான். அதனால்தான் இது பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பெற்றோரும் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரம் என்கிறோம். "பிள்ளைகளை வீணாகப் பயமுறுத்துவதாகாதா?" என்பர். என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். "நாங்கள் இந்த ஊரவர் அல்லர், எங்கள் பேச்சு எடுபடாது" என்று இடம்பெயர்ந்த பெற்றோர் கூட்டங்களில் பின்வரிசையில் ஒதுங்குவதும் உண்டு. பிள்ளை எந்தப் பாடசாலையில் படிக்கிறதோ அந்தப் பாடசாலையில் உங்களுக்குப் பேச உரிமை உண்டு. காணி உறுதி அதற்குத் தேவையில்லை.

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கின்றது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இருக்கின்றது. ஆனால் உங்கள் பாடசாலையிலிருந்து உங்கள் ஒழுங்கைக்குச் செய்தி வரும் வழியைக் கொழும்பிலிருந்து எவரும் வரைந்து தரப்போவதில்லை.

இந்தத் தவணையிலேயே செய்யக்கூடியவை

1. பிள்ளையை ஒப்படைக்கக்கூடிய மூவரின் பெயரை எழுதி, கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். மூவரும் ஒரே தோட்டத்தில் வேலை செய்பவர்களாக இருக்கக் கூடாது. பட்டியலில் இல்லாத எவரிடமும் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

2. பிள்ளை தன் முழுப்பெயர், தாய் தகப்பன் பெயர், சொந்த ஊர், இப்போது இருக்கும் இடம், ஒரு தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை மனப்பாடமாகச் சொல்லட்டும். மிகச் சிறு பிள்ளைக்கு இவற்றை எழுதிப் புத்தகப் பையினுள் வையுங்கள்.

3. ஆபத்து மணி சாதாரண மணியிலிருந்து வேறுபட வேண்டும். மின்சாரம் இல்லாத வேளைக்குத் தண்டவாளத் துண்டோ கைமணியோ வேண்டும். தவணைக்கு ஒரு தடவையாவது ஒத்திகை நடக்கட்டும். அதைப் பார்க்கப் பெற்றோரையும் அழைக்கட்டும்.

4. வெளியேறும்போது வரவு இடாப்பை வகுப்பாசிரியர் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும். ஒப்படைக்கும்போது யாரிடம், எத்தனை மணிக்கு என்று குறிக்க வேண்டும்.

5. நடக்க, கேட்க, பார்க்க இயலாத பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் துணையாகச் செல்ல ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும்.

6. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119 ஆகிய இலக்கங்களைப் பாடசாலைச் சுவரிலும் வீட்டுக் கதவிலும் எழுதுங்கள்.

இவற்றுக்கு வெளிநாட்டு நிதி வேண்டாம். திட்ட அறிக்கை வேண்டாம். ஒரு கொப்பியும் ஒரு மாலை நேரக் கூட்டமும் போதும். காணி, வீடு, கிணறு, ஆடு மாடு என்று பலவற்றை விட்டுவிட்டு வந்தவர்கள் நாம். அப்போதும் கையை விடாமல் கூட்டிவந்தது பிள்ளைகளைத்தான். பகல் வேளையில் அந்தக் கையைப் பாடசாலையிடம் கொடுக்கிறோம். கொடுக்கும்போதே, எப்படித் திரும்பப் பெறுவது என்பதையும் பேசிக்கொள்வோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த மூன்று கேள்விகளையும் எழுந்து நின்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை உட்கார வேண்டாம்.